ஆண்கள் ஃபிகர் ஸ்கேட்டிங்: ஒரு நாட்டு அணி பலமானதா என்று எதை வைத்துச் சொல்வது?

முத்தியால்பேட்டை (புதுச்சேரி):

எல்லோருக்கும் வணக்கம். பிரான்ஸில் சொந்தபந்தம் இல்லாத தெரு எங்கள் பக்கம் குறைவு. அதனால் உலக சாம்பியன்ஷிப் வந்தாலே பிரான்ஸ் ஆண்கள் அணி எப்படி என்ற பேச்சு தானாக வந்துவிடுகிறது. இதுவரை நான் போட்டது சுலபமான கணக்கு: ஒரு நாட்டின் முதல் மூன்று ஆண்களுடைய அந்த சீசனின் அதிகபட்ச மதிப்பெண்ணைக் கூட்டுவது, கூட்டுத்தொகைப்படி நாடுகளை வரிசையாக வைப்பது. ஜப்பானும் அமெரிக்காவும் எப்போதும் மேலே வருகின்றன, அதில் தகராறு இல்லை. அதற்குக் கீழே பிரான்ஸ், இத்தாலி, தென் கொரியா, கனடா எல்லாம் தாறுமாறாக வருகின்றன, போட்டி முடிவோடு ஒத்துப்போவதே இல்லை.

ஒரு உதாரணம். 2024 மான்ட்ரியல் உலக சாம்பியன்ஷிப்பில் பிரான்ஸின் ஆடம் சியாவோ ஹிம் ஃபா ஷார்ட் புரோகிராமில் (முதலில் வரும் குறும் ஆட்டம்) 77.49 எடுத்து 19-வது இடம். ஃப்ரீ ஸ்கேட்டில் (பிறகு வரும் நீண்ட ஆட்டம்) 206.90, அதில் இரண்டாம் இடம். மொத்தம் 284.39, வெண்கலம். இந்த மனிதரை நோட்டில் 19 என்று எழுதுவதா, 3 என்று எழுதுவதா?

எனக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான்: எந்த மதிப்பெண்ணை எடுக்கணும், குவாட் (காற்றில் நாலு சுற்று சுற்றும் ஜம்ப்) எண்ணிக்கைக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கணும், "மூணு ஆள் அனுப்பலாம், ரெண்டு ஆள்தான் அனுப்பலாம்" என்பது எப்படி முடிவாகிறது, ஜூனியரில் கலக்கும் பையன்களை இந்தக் கணக்கில் சேர்க்கலாமா?

---

கெடிலக்கரை (கடலூர்):

அண்ணே, மூணு பேரையும் கூட்டுகிற இடத்திலேயே தப்பு ஆரம்பிக்குது. எந்தப் போட்டியிலும் மூணு ஆண்களின் மதிப்பெண்ணைக் கூட்டிப் பரிசு கொடுக்கறதில்லை. எதுக்கான பலம்னு முதல்ல பிரிச்சுக்கணும்.

பதக்கம்னா உச்சியில் இருக்கிற ஒரே ஆள் போதும். ஒலிம்பிக் குழுப் போட்டின்னா ஷார்ட்டுக்கு ஒருத்தர், ஃப்ரீக்கு ஒருத்தர். அது ஒரே ஆளாகவும் இருக்கலாம். ஜப்பானில் நடக்கிற வேர்ல்ட் டீம் டிராபியில் நாட்டுக்கு ரெண்டு ஆண்கள், ரெண்டு பேர் புள்ளியும் சேரும். அடுத்த வருஷம் எத்தனை பேர் போகலாம்ங்கிற ஒதுக்கீட்டுக்கு மேலே வந்த ரெண்டு பேரின் இடம் மட்டும் கணக்கு. அங்கே மதிப்பெண் எவ்வளவுன்னு யாரும் கேக்கறதில்லை, எத்தனாவது இடம்னுதான் பார்க்கிறாங்க.

ஒரு நாட்டு அணியோட பலம் நிஜமா வெளியே தெரியறது இந்த ஒதுக்கீட்டில்தான்னு நான் நினைக்கிறேன். விதியைச் சொல்றேன். ஒரு நாட்டுக்கு அதிகபட்சம் மூணு பேர். ரெண்டு அல்லது மூணு பேர் ஆடியிருந்தா, நல்ல இடம் பிடிச்ச ரெண்டு பேரின் இடங்களைக் கூட்டணும். 13 அல்லது அதுக்குக் கீழே வந்தா அடுத்த வருஷம் மூணு பேர். 28 வரை ரெண்டு பேர். அதைத் தாண்டினா ஒருத்தர். ஃப்ரீ ஸ்கேட்டுக்கு 24 பேர்தான் தேர்வாவாங்க. அதில் ஆடி 16-வது இடத்துக்கும் பின்னாடி முடிச்சவங்க எல்லாருக்கும் 16 புள்ளின்னே எண்ணணும். ஷார்ட்டோட வெளியே போனவருக்கு 18. நாட்டுக்கு ஒரே ஒருத்தர்தான் ஆடினார்னா, முதல் ரெண்டு இடத்துக்குள் வந்தா மூணு பேர், பத்துக்குள் வந்தா ரெண்டு பேர்.

இப்போ பாருங்க. ஒரு நாட்டில் உலக சாம்பியன் இருக்கார், ரெண்டாவது ஆள் ஷார்ட்டிலேயே கவிழ்ந்துட்டார். 1 + 18 = 19. ரெண்டு இடம்தான். பக்கத்து நாட்டில் பதக்கம் தொடுற ஆள் யாருமே இல்லை. 6-வது ஒருத்தர், 7-வது ஒருத்தர். கூட்டினா 13. மூணு இடம்! தங்கம் வாங்கின நாடு ரெண்டு பேரை அனுப்பும், பதக்கமே இல்லாத நாடு மூணு பேரை அனுப்பும். 4-வதும் 10-வதும் வந்த நாடு 14, ஒரே ஒரு புள்ளியில் மூணாவது ஆளை வீட்டில் விட்டுட்டு வரணும். அதனால உங்க நோட்டில் முதல் கட்டம் முதல் ஆளுக்கு இல்லை, ரெண்டாவது ஆளுக்கு. அவரோட நல்ல நாளையும் விடுங்க. மோசமான நாளில் எங்கே போய் நிக்கிறார்னு எழுதுங்க.

மூணாவது ஆள் காப்புறுதி மாதிரி. ஜப்பானை எடுத்துக்கங்க. 2022 மோன்ட்பெல்லியே உலக சாம்பியன்ஷிப்பில் ஷோமா யூனோ முதல், யூமா ககியாமா ரெண்டாவது. அந்த ஜூலையில் யுசுரு ஹன்யூ போட்டிகளை விட்டு விலகினார். அடுத்த சீசனில் ககியாமா இடது கணுக்கால் காயத்தோட பெரும்பாலும் ஆடவே இல்லை. ரெண்டு ஒலிம்பிக் பதக்கக்காரங்க ஒரே நேரத்தில் இல்லை. ஆனாலும் 2023 சைதாமாவில் யூனோ 301.14 எடுத்துத் தங்கத்தைத் தக்கவச்சார். வேற எந்த நாட்டு ஆண்கள் அணியும் இப்படி ரெண்டு பேரை இழந்தா தாங்கியிருக்குமான்னு யோசிச்சுப் பாருங்க.

---

லாஸ்பேட்டை சக்கரம் (புதுச்சேரி):

கெடிலக்கரை சொன்னதோடு ஒட்டி வருகிறேன். மொத்த மதிப்பெண்ணைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு புரோட்டோகாலைப் படிக்கப் பழகுங்கள். ஒவ்வொரு சர்வதேசப் போட்டி முடிந்ததும் ஐ.எஸ்.யூ. (சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம்) முடிவுப் பக்கத்தில் ஸ்கேட்டர் வாரியாக வெளியாகும் தாள் அது. ஒவ்வொரு ஜம்புக்கும் அடிப்படை மதிப்பு, ஒன்பது நடுவர்கள் போட்ட −5 முதல் +5 வரையான தர மதிப்பு, கடைசியில் கிடைத்த புள்ளி எல்லாம் வரி வரியாக இருக்கும். மேலே ஒன்று, கீழே ஒன்று தள்ளிவிட்டு மீதி ஏழு பேர் போட்டதன் சராசரிதான் கணக்கு. தர மதிப்பு ஒரு படி ஏறினால் அடிப்படை மதிப்பில் பத்து சதவீதம் கூடும், இறங்கினால் அதே அளவு குறையும்.

2018-க்குப் பிறகு பழகிய அடிப்படை மதிப்புகள் இவை. டோ லூப், சால்கோ, லட்ஸ் என்பதெல்லாம் ஜம்ப் வகைகள்; டிரிபிள் என்றால் மூன்று சுற்று, டபுள் என்றால் இரண்டு. குவாட் டோ லூப் 9.50, சால்கோ 9.70, லூப் 10.50, ஃபிளிப் 11.00, லட்ஸ் 11.50, ஆக்ஸல் 12.50. டிரிபிள் ஆக்ஸல் 8.00, டிரிபிள் லட்ஸ் 5.90.

"குவாட் எண்ணிக்கைக்கு எவ்வளவு மதிப்பு" என்று கேட்டீர்களே, குவாட் லட்ஸ் ஒன்றை மட்டும் எடுத்து உடைத்துப் பார்ப்போம்.

சுத்தமாக இறங்கி +2 வாங்கினால் 11.50 + 2.30 = 13.80.
முழுச் சுற்றும் முடித்து விழுந்தால் −5, அதாவது 5.75 போய்விடும். விழுந்ததற்குத் தனியாக 1 புள்ளி கழியும். மிச்சம் 4.75.
கால் சுற்றுக்கு மேல் குறைந்து விழுந்தால் தாளில் < குறி வரும், அடிப்படை எண்பது சதவீதமாகி 9.20 ஆகும். அதில் பாதியும் போய், விழுந்த 1-ம் போனால் 3.60.
பயந்து காற்றிலேயே உடம்பைத் திறந்து டபுள் லட்ஸாக இறக்கினால் அடிப்படை வெறும் 2.10.
இதெல்லாம் வேண்டாம் என்று டிரிபிள் லட்ஸையே +2 தரத்தில் போட்டால் 7.08.

விழுவது எப்போதும் முழுச் சுற்று முடித்துத்தான் என்றால், நாலு முறையில் ஒரு முறைக்குக் கொஞ்சம் மேலே சுத்தமாக இறங்கினாலே குவாட் லாபம். சுற்றும் குறைந்து விழுகிற ஆளென்றால் மூன்றில் ஒரு முறைக்குக் கொஞ்சம் மேலே இறங்க வேண்டும். அதனால்தான் பாதி நேரம் விழுகிற ஆளும் குவாட்டை விடுவதில்லை. அதை முரட்டுத்தனம் என்று எழுதாதீர்கள், கணக்கு அவர் பக்கம்தான் இருக்கிறது.

ஆனால் ஃப்ரீயில் 4.75 கொடுக்கும் விழுகையும் 2.10 கொடுக்கும் திறப்பும் ஒன்றல்ல. ஷார்ட்டில் இந்த வித்தியாசம் இன்னும் கொடுமை. அங்கே தனி ஜம்ப் டிரிபிளாகவோ குவாட்டாகவோ இருந்தாக வேண்டும். திறந்து சிங்கிளோ டபுளோ ஆனால் பூஜ்யம். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக் ஷார்ட்டில் ஹன்யூவின் பிளேடு பனியில் இருந்த குழியில் மாட்டியது, குவாட் சால்கோ சிங்கிளானது. அந்த ஜம்புக்கு ஒரு புள்ளிகூட இல்லை. 95.15, எட்டாம் இடம். அதே ஜம்பைச் சுற்றி முடித்து விழுந்திருந்தால்கூட நாலு புள்ளி அளவுக்கு நின்றிருக்கும். அதனால் ஒரு ஸ்கேட்டரைப் பற்றி எழுதும்போது "விழும் ஆளா, திறக்கும் ஆளா" என்று தனியாகக் குறித்து வையுங்கள். விழுபவர் அணிக்குச் செலவு. திறப்பவரோ அணியை ஷார்ட்டோடு வெளியே கொண்டுபோய் விட்டுவிடுவார். 18 புள்ளி வருவது அப்படித்தான்.

கண்ணால் பார்க்க வேண்டியது இன்னொன்று: லட்ஸும் ஃபிளிப்பும். இரண்டுக்கும் வலது கால் முனைப்பல்லைப் பனியில் குத்தித்தான் எழும்புவார்கள் (இடப்பக்கம் சுழல்பவர்களைச் சொல்கிறேன்). வித்தியாசம் இடது காலில். லட்ஸுக்கு இடது பிளேடின் வெளி விளிம்பு, ஃபிளிப்புக்கு உள் விளிம்பு. வீடியோவைக் கால் வேகத்துக்குக் குறைத்து, முனைப்பல் குத்துவதற்கு முந்தைய அரை நொடியில் இடது கணுக்காலை மட்டும் பாருங்கள். லட்ஸுக்கு வெளிப்பக்கம் சாய்ந்தே இருக்க வேண்டும். நீளமாகப் பின்னோக்கி வந்துவிட்டு கடைசி நேரத்தில் கணுக்கால் உள்ளே சரிந்தால் அது உண்மையில் ஃபிளிப். தொழில்நுட்பக் குழு தாளில் ஈ (ஆங்கில e, விளிம்பு தவறு) குறி போடும், மதிப்பு எண்பது சதவீதம். கடற்கரைச் சாலையில் மாலையில் சக்கர ஸ்கேட் பழகும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள், அங்கும் இதே சரிவுதான், கணுக்கால் பலம் போதாதபோது உள்ளே விழும். ஒருவர் பட்டியலில் லட்ஸ், ஃபிளிப் இரண்டும் இருந்து, ஒன்றில் எப்போதும் ஈ குறி இருந்தால், அவர் கையில் ஒரு ஜம்ப் குறைவு என்றே எண்ணுங்கள்.

---

முத்தியால்பேட்டை:

சக்கரம் சார், இப்படி ஒரு விளக்கத்துக்குத்தான் காத்திருந்தேன். ரெண்டு சந்தேகம். எத்தனை போட்டித் தாள்களை எடுத்தால் போதும்? தேசிய சாம்பியன்ஷிப் மதிப்பெண்ணையும் சேர்க்கலாமா? அமெரிக்கா, ஜப்பான் தேசியப் போட்டிகளில் 300-க்கு மேல் சுலபமாக வருகிற மாதிரித் தெரிகிறது.

---

மஞ்சக்குப்பம் (கடலூர்):

தேசியப் போட்டி மதிப்பெண்ணைச் சேர்க்கவே சேர்க்காதீங்க. நடுவர்கள் எல்லாரும் அந்த நாட்டுக்காரங்க, ஐ.எஸ்.யூ.வும் அதை ஒருவருடைய சிறந்த மதிப்பெண்ணா ஏத்துக்கறதில்லை. சொந்த நாட்டில் மதிப்பெண் தாராளமா கிடைக்கும், கால் சுற்றுக் குறைவைக் கண்டுக்காம விடுவாங்க. ரஷ்யாவில் இது இன்னும் பெரிய சிக்கல். 2022 மார்ச்சில் தடை வந்த பிறகு பல சீசன் அவங்க ஆண்கள் உள்நாட்டில் மட்டுமே ஆடினாங்க. அந்த எண்களை மற்ற நாட்டு எண்களுக்குப் பக்கத்தில் வைக்க முடியாது. தேசியப் போட்டித் தாளை ஒண்ணுக்கு மட்டும் பயன்படுத்துங்க: யார் என்ன ஜம்ப் முயற்சி பண்றார்னு பார்க்க.

எத்தனை தாள்? கடைசி ஆறு சர்வதேசப் போட்டி. அதுக்குக் குறைஞ்சா ஒரு நல்ல நாள் கணக்கைத் தூக்கிடும். அதிகமானா ரெண்டு வருஷத்துக்கு முந்தைய ஆளைப் பற்றி எழுதறோம்னு ஆயிடும். ஆறையும் பெரிசிலேருந்து சின்னதா அடுக்குங்க. அதிகபட்சத்தைத் தொடாதீங்க. மூணாவது, நாலாவது எண்களின் நடுவில் வர்றதுதான் அவரோட வழக்கமான நாள். ஐந்தாவது எண் அவரோட கெட்ட நாள். ஆறாவதைக் காயம், காய்ச்சல் மாதிரி காரணம் தெரிஞ்சா விட்டுடலாம்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுக் காட்டறேன். முதல் நாட்டில் முதல் ஆள் 300, 296, 291, 288, 279, 262. ரெண்டாவது ஆள் 251, 240, 238, 229, 221, 198. அடுத்த நாட்டில் முதல் ஆள் 272, 268, 266, 263, 259, 251. ரெண்டாவது ஆள் 268, 262, 260, 258, 255, 247. உங்க பழைய முறையில் அதிகபட்சங்களைக் கூட்டினா 551-க்கு 540, முதல் நாடு பலசாலி. வழக்கமான நாளை எடுங்க. முதல் நாட்டுக்கு 289.5, 233.5. அடுத்த நாட்டுக்கு 264.5, 259. இந்த நாலு எண்ணையும் போன உலக சாம்பியன்ஷிப் முடிவுத்தாளில் எந்த இடத்துக்கு நடுவே விழுதுன்னு பாருங்க. உதாரணத்துக்கு 2025 பாஸ்டனில் கஜகஸ்தானின் மிகைல் ஷைடோரோவ் 287.47-க்கு வெள்ளி வாங்கினார், ககியாமா 278.19-க்கு வெண்கலம். அப்போ 289.5 அங்கே ரெண்டாவது இடத்துக்குச் சமம். 233.5 பதினேழுக்குக் கீழே போய் விழுந்தா 16 புள்ளி, கூட்டு 18. அடுத்த நாட்டின் ரெண்டு பேரும் 6, 7-னு விழுந்தா கூட்டு 13. பதக்கம் இந்தப் பக்கம், மூணு இடம் அந்தப் பக்கம்.

ஷார்ட்டையும் ஃப்ரீயையும் தனித்தனிக் கட்டமா வையுங்க. சியாவோ ஹிம் ஃபா மாதிரி ஆளை 19-னு எழுதறதும் தப்பு, 3-னு எழுதறதும் தப்பு. ஷார்ட்டில் 19, ஃப்ரீயில் 2, ரெண்டையும் எழுதணும். அவருக்குப் பலம் எங்கே, ஓட்டை எங்கேன்னு அந்த ரெண்டு எண்ணே சொல்லிடும். 2018 பியாங்சாங் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் நேதன் சென்னுக்கும் இதேதான். ஷார்ட் 82.27, பதினேழாவது இடம். ஃப்ரீ 215.08, அன்னைக்கு ஃப்ரீயில் அவர்தான் முதல். மொத்தத்தில் ஐந்தாவது. நாலு வருஷம் கழிச்சு பெய்ஜிங்கில் ஷார்ட்டில் 113.97, மொத்தம் 332.60, தங்கம். ஃப்ரீ முன்னாடியும் இருந்தது, நடுவில் மாறினது ஷார்ட்தான்.

ஜம்பையே பார்த்துட்டு மத்ததை மறக்கக்கூடாது. 2022-23லேருந்து கலைப்பகுதிக்கு மூணு தலைப்பு: அமைப்பு, வெளிப்பாடு, ஸ்கேட்டிங் திறன். ஒவ்வொண்ணும் பத்துக்கு. ஆண்கள் ஷார்ட்டில் 1.67 ஆலும் ஃப்ரீயில் 3.33 ஆலும் பெருக்கணும். ஒருத்தர் மூணு தலைப்பிலும் 9, இன்னொருத்தர் 8-னா, ரெண்டு புரோகிராமுக்கும் சேர்த்து வித்தியாசம் சரியா 15 புள்ளி. அது சுத்தமா இறங்கின ஒரு குவாட் லட்ஸை விட அதிகம்! அமெரிக்காவின் ஜேசன் பிரவுன் குவாட்டை நம்பாமலே உலகத்தின் முதல் பத்து பேரில் பல வருஷம் நின்னது இதனாலதான். இந்த மாதிரி ஆள் ரெண்டாவது இடத்தில் இருக்கிற அணிக்கு அடித்தளம் உறுதி. கலைப்பகுதி எண் வாராவாரம் குதிக்காது, ஜம்ப் எண்தான் குதிக்கும்.

ஸ்பின் (நின்ன இடத்தில் சுழல்றது), ஸ்டெப் சீக்வன்ஸ் (கால் அசைவுத் தொடர்) ரெண்டுக்கும் கொடுக்கிற கஷ்ட நிலையையும் பாருங்க. நிலை 4 ஸ்டெப்புக்கு 3.90, நிலை 3-க்கு 3.30. ஸ்பின் ஒவ்வொண்ணிலும் ஒரு நிலை இறங்கினா அரைப் புள்ளி அளவு போகும். ரெண்டு புரோகிராமிலும் எல்லாத்திலும் ஒரு நிலை இறங்கினா நாலு புள்ளி காணாமப் போகும். எட்டாவது இடத்துக்கும் பத்தாவது இடத்துக்கும் நடுவில் பல தடவை அவ்வளவு இடைவெளிகூட இருக்கறதில்லை.

---

வில்லியனூர் (புதுச்சேரி):

எல்லோரும் ஒதுக்கீட்டையே பேசுகிறீர்கள். எனக்கு ஒப்புதல் பாதிதான். ஒலிம்பிக் ஆண்டில் மக்கள் நினைவில் வைப்பது தங்கத்தையும் குழுப் போட்டியையும். அங்கே உச்சிதான் பேசும். அமெரிக்காவின் இலியா மாலினின் 2024 மான்ட்ரியலில் ஷார்ட்டில் மூன்றாம் இடத்தில் இருந்தார். ஃப்ரீயில் 227.79 எடுத்து மொத்தம் 333.76, தங்கம், இரண்டாம் இடத்தை விட 24 புள்ளி அதிகம். குவாட் ஆக்ஸலை 2022 செப்டம்பரில் முதன்முதலாகப் போட்டியில் இறக்கியவர் அவர்தான். அப்படி ஒரு ஆள் இருந்தால், அவருடைய வழக்கமான நாளை எடுத்து நடுவாக எழுதுவது அந்த அணிக்குச் செய்யும் அநியாயம்.

குழுப் போட்டி விதியையும் யாரும் முழுதாகச் சொல்லவில்லை. பத்து நாடுகள். ஒவ்வொரு பிரிவிலும் முதல் இடத்துக்கு 10, கடைசிக்கு 1. ஷார்ட் முடிந்து மேலே உள்ள ஐந்து நாடுகள் ஃப்ரீக்குப் போகும். நாலு பிரிவில் (ஆண், பெண், ஜோடி, ஐஸ் டான்ஸ்) இரண்டில் ஆளை மாற்றலாம். 2022-ல் ஜப்பான் ஷார்ட்டுக்கு யூனோவையும் ஃப்ரீக்கு ககியாமாவையும் போட்டது, ககியாமா 208.94 எடுத்து ஃப்ரீயில் முதல். அமெரிக்கா ஷார்ட்டுக்கு சென், ஃப்ரீக்கு வின்சென்ட் ஜோ. 2024-ல் ஊக்கமருந்து வழக்கில் ரஷ்ய வீராங்கனை வலியேவா தகுதி நீக்கமான பிறகு இறுதிக் கணக்கு அமெரிக்கா 65, ஜப்பான் 63. இரண்டே புள்ளி. அதனால் இந்தப் போட்டிக்கு "ஷார்ட்டில் யார் நிலையாக இருக்கிறார், ஃப்ரீயில் யார் நிலையாக இருக்கிறார்" என்று இரண்டு பெயர் எழுத வேண்டும். இரண்டும் ஒரே பெயராக வந்தால், தனிப் போட்டிக்கு முன்பே அவர் இரண்டு முறை களைத்துவிடுவார் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.

---

கெடிலக்கரை:

வில்லியனூர் சொல்றதில் நியாயம் இருக்கு, உச்சிக்குத் தனிக் கட்டம் வேணும். ஆனா அணின்னு பேசினா எனக்கு ரெண்டாவது ஆள்தான். உச்சியில் இருக்கிறவர் ஒரு கணுக்கால் சுளுக்கில் ஒரு சீசன் உட்கார்ந்துட்டா அந்தக் கட்டமே காலியாயிடும்.

சக்கரம் அண்ணன் விட்ட ஒண்ணைச் சேர்க்கிறேன். விழுகைக்குக் கழிவு எப்பவும் 1 இல்லை. சீனியரில் முதல் ரெண்டு விழுகைக்கும் தலா 1. மூணாவதுக்கும் நாலாவதுக்கும் தலா 2. அதுக்கு மேலே 3. அதனால ஒரே ஃப்ரீயில் நாலு தடவை விழுறவருக்கு குவாட் லாபக் கணக்கு அப்படியே பொருந்தாது, கலைப்பகுதியும் கூடவே இறங்கும்.

இன்னொண்ணு, கெட்ட நாளில் ஆள் என்ன பண்றார்ங்கிறது. ஃப்ரீயில் ஒரு குவாட்டை ரெண்டு தடவை போடலாம், ஆனா ஒரு தடவையாவது கூட்டு ஜம்பா (உடனே இன்னொரு ஜம்ப் ஒட்டினது) இருக்கணும். முதல் குவாட் டோ லூப்பில் கூட்டு ஒட்டாம விட்டு, ரெண்டாவதிலும் ஒட்டாம விட்டா, ரெண்டாவதுக்கு எழுபது சதவீதம்தான்: 9.50 போய் 6.65. அதோட ஒட்ட வேண்டிய டிரிபிள் டோ லூப்பின் 4.20-ம் போச்சு. அனுபவஸ்தர் ஆடிக்கிட்டே கணக்குப் போட்டு, கடைசி டிரிபிள் லட்ஸுக்குப் பின்னாடி அந்த டோ லூப்பை ஒட்டிடுவார். கடைசி மூணு ஜம்ப் வரிகளுக்குப் பத்து சதவீதம் கூடுதல் இருக்கறதால அங்கே ஒட்டினா கொஞ்சம் லாபம்கூட. திட்டமிட்ட பட்டியலையும் நடந்த பட்டியலையும் பக்கத்தில் வச்சுப் பாருங்க. மாத்தி ஒட்டத் தெரிஞ்சவரை ரெண்டாவது ஆளா வச்சிருக்கிற அணிக்கு நான் எப்பவும் ஒரு படி கூடக் கொடுப்பேன்.

---

லாஸ்பேட்டை சக்கரம்:

சரியான திருத்தம் தம்பி, நன்றி.

ஜூனியர் கேள்வி பாக்கி இருக்கிறது. ஜூனியர் மதிப்பெண்ணை நேராகச் சீனியர் கணக்கில் சேர்க்க முடியாது. ஜூனியர் ஷார்ட்டில் குவாட்டுக்கே அனுமதியில்லை. ஃப்ரீ மூன்றரை நிமிடம், சீனியருக்கு நாலு. அந்தக் கூடுதல் அரை நிமிடம் கடைசி மூன்று ஜம்புகளில்தான் தெரியும், காலில் பலம் தீர்ந்த பிறகு. 2024-25 முதல் சீனியர் ஆடக் குறைந்தபட்ச வயது 17, அதனால் பதினைந்து வயதுப் பையன் எவ்வளவு நன்றாக ஆடினாலும் அந்த அணிக்கு இன்றைக்கு உதவ மாட்டான். ஆண் பிள்ளைகளுக்கு இன்னொரு ஆபத்து, திடீரென உயரம் கூடும் வயதும் இதுவேதான். கை கால் நீண்டு எடை மையம் மாறினால் பழைய நேரக்கணக்கில் சுற்று முடியாது, தாள் முழுக்க < குறி வரத் தொடங்கும்.

ஆனாலும் ஜூனியர் உலக சாம்பியன்ஷிப் மேடை நல்ல அறிகுறி. 2022 தாலினில் முதல் இரண்டு இடம் மாலினினும் ஷைடோரோவும். மூன்றே வருடத்தில் பாஸ்டனில் சீனியரிலும் அதே இருவர், அதே வரிசை. 2023 ஜூனியர் தங்கம் ஜப்பானின் காவோ மியூரா. 2024-ல் கொரியாவின் சியோ மின்-கியூ, 2025-ல் ஜப்பானின் ரியோ நகாடா. ஜூனியர் கிராண்ட் பிரீயை (ஜூனியர்களுக்கான சர்வதேசப் போட்டித் தொடர்) யூடியூபிலேயே பார்க்கலாம். டிரிபிள் ஆக்ஸல் நிலையாக இருக்கிறதா என்பதை மட்டும் முதலில் பாருங்கள். டபுள் ஆக்ஸல் 3.30, டிரிபிள் 8.00. சீனியர் ஷார்ட்டில் ஒன்று, ஃப்ரீயில் இரண்டு வரை போடலாம். அது இல்லாமல் மேலே வரும் பையன் ஒவ்வொரு போட்டியிலும் பத்துப் புள்ளிக்கு மேல் கடனோடு தொடங்குகிறான்.

---

முத்தியால்பேட்டை:

நோட்டை அடியோடு மாற்றிவிட்டேன். ஒரு நாட்டுக்கு இப்போது ஐந்து கட்டம்: முதல் ஆளின் உச்சி, ரெண்டாவது ஆளின் கெட்ட நாள், ஷார்ட் தனியாக, ஃப்ரீ தனியாக, விழுவதா திறப்பதா. பிரான்ஸுக்கு நிரப்பியதில் ஃப்ரீ கட்டம் நான் நினைத்ததை விட உயரம், ஷார்ட் கட்டம் நினைத்ததை விடப் பள்ளம். அடுத்து மூன்றாவது ஆள். பட்டியலில் நல்ல மதிப்பெண் உள்ள யாரையும் அந்தக் கட்டத்தில் எழுதலாமா?

---

மஞ்சக்குப்பம்:

எழுதறதுக்கு முன்னாடி அவருக்குக் குறைந்தபட்ச தொழில்நுட்ப மதிப்பெண் (ஜம்ப், ஸ்பின், ஸ்டெப்புக்கான புள்ளி) இருக்கான்னு பாருங்க. உலக சாம்பியன்ஷிப்புக்குப் போக ஷார்ட்டுக்கும் ஃப்ரீக்கும் தனித்தனி எல்லை இருக்கு. ரெண்டையும் ஒரே போட்டியில் எடுக்கணும்னு இல்லை, ஷார்ட்டை ஒரு இடத்திலும் ஃப்ரீயை வேற இடத்திலும் எடுத்திருந்தாலும் செல்லும். ஆனா ரெண்டும் ஐ.எஸ்.யூ. ஏத்துக்கிற சர்வதேசப் போட்டியில் எடுத்ததா இருக்கணும். மொத்த மதிப்பெண் நல்லா இருந்தும், கலைப்பகுதியால் ஏறி, தொழில்நுட்பத்தில் எல்லைக்குக் கீழே நிக்கிற ஆட்கள் உண்டு. அந்த ஆளை எழுதினா உங்க மூணாவது கட்டம் போலி. எல்லை எண்களை ஒவ்வொரு சீசனும் புதுசா அறிவிப்பாங்க. அடிப்படை மதிப்புப் பட்டியலும் விதிகளும் மாறிக்கிட்டே இருக்கும், போன சீசன் தாளை வச்சு இந்த சீசனுக்குக் கணக்குப் போட்டுடாதீங்க.